மழை வந்ததும் ரோடு ஏன் பெயர்கிறது? – தார்ச்சாலை கேள்வி பதில்

மாநில நெடுஞ்சாலைகளில் தார்ப் பணிக்கான விதிகள் கடந்த சில ஆண்டுகளில் எப்படியெல்லாம் மாறியிருக்கின்றன என்று வாசகர்கள் அனுப்பிய கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன். நெடுஞ்சாலைத் துறையின் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். துறையின் சார்பில் பேசவில்லை, பட்டதைச் சொல்கிறேன்.

எங்கள் ஊர் வழியாகப் போகும் மாநில நெடுஞ்சாலையில் சித்திரையில் புது ரோடு போட்டார்கள். ஐப்பசி மழைக்குள் பள்ளம் விழுந்துவிட்டது. பெயர்ந்த துண்டை எடுத்து ஸ்கேலால் அளந்தேன். சொன்னபடி 30 மி.மீ. கனம் இருக்கிறது. பள்ளமெல்லாம் பெரும்பாலும் ஓரத்தில்தான். கனம் சரியாக இருந்தும் ஏன் இப்படி? – வாசகர், அரூர்

ஸ்கேலோடு ரோட்டுக்குப் போனீர்களே, அதற்கே ஒரு வணக்கம். ஆனால் ஸ்கேல் காட்டாத ஒன்று உண்டு. அந்த 30 மில்லிமீட்டருக்குள் காற்று எத்தனை சதவீதம்?

தார்க் கலவையை எவ்வளவு உருட்டினாலும் ஜல்லிகளுக்கு நடுவே கொஞ்சம் இடைவெளி நிற்கும். நிற்கவும் வேண்டும். வெயிலில் தார் விரிய இடமில்லாவிட்டால் மேலே பொங்கி வந்து வண்டி வழுக்கும். அதனால் ஆய்வகத்தில் கலவையை வடிவமைக்கும்போதே 3 முதல் 5 சதவீதம் காற்று இருக்கும்படி தார் அளவைத் தீர்மானிக்கிறோம். ரோட்டில் போட்டு உருட்டி முடித்ததும் இது கூடுதலாகத்தான் இருக்கும். வண்டிகள் ஓடி ஓடி மெல்ல இறங்கும்.

இடைவெளி குறைவாக இருந்தால் தண்ணீர் உள்ளே போகாது. 15, 20 சதவீதம் என்று மிக அதிகமாக இருந்தால் போன தண்ணீர் தானே வடிந்துவிடும். வம்பெல்லாம் இரண்டுக்கும் நடுவில், அதிலும் 8, 10 சதவீதம் என்ற இடத்தில்தான். தண்ணீர் நுழைகிறது, வெளியே வர வழியில்லை. மேலே லாரி டயர் ஏறும்போது உள்ளே சிக்கிய தண்ணீர் அழுத்தம் தாங்காமல் ஜல்லியின் மேலிருக்கும் தாரை உரித்துவிடுகிறது. நம்மூர்க் கருங்கல் ஜல்லிக்குத் தாரைவிடத் தண்ணீர் மேல்தான் பாசம் அதிகம் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். உரிந்த ஜல்லி தனித்தனியாகக் கழன்று வரும். அடுத்த மழைக்கு அது பள்ளம்.

இதை மனதில் வைத்துத்தான் 2013-ல் பெரிய மாற்றம் வந்தது. நம் மாநில நெடுஞ்சாலைகளுக்கும் அடிப்படை, மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் விவரக்குறிப்பு நூல்தான். சைட்டில் ‘மோர்த் புத்தகம்’ என்பார்கள். 2001-ல் வந்த நான்காம் திருத்தத்தில் எஸ்டிபிசி (அரை அடர்த்தித் தார்க் கலவை) என்றொரு மேல்தளம் இருந்தது. 25 மி.மீ. கனம், தார் கொஞ்சம் குறைவு, விலையும் குறைவு. நாடு முழுக்க அள்ளிப் போட்டோம். ரோட்டில் அதன் காற்று இடைவெளி அந்த வம்பான எல்லையிலேயே போய் நின்றது. 2013-ன் ஐந்தாம் திருத்தம் அதைத் தூக்கிவிட்டது. மேல்தளத்துக்கு பிசி (பிட்டுமினஸ் கான்கிரீட்), அதற்கு அடியில் டிபிஎம் (டென்ஸ் பிட்டுமினஸ் மெக்காடம்) என்று அடர்த்தியான கலவைகளே முதன்மையாயின. புத்தகத்திலிருந்து பெயர் போன வேகத்தில் எஸ்டிமேட்டுகளிலிருந்து போய்விடவில்லை என்பது வேறு கதை.

சரி, உங்கள் ஓரப் பள்ளம். இதற்கு மேல்தளத்தை மட்டும் குறை சொல்ல மாட்டேன். ரோட்டின் நடுவிலிருந்து ஓரத்துக்கு 2.5 சதவீதச் சரிவு இருக்க வேண்டும் என்றால், 7 மீட்டர் ரோட்டில் நடுப்பகுதி ஓரத்தைவிட ஒன்பது சென்டிமீட்டருக்குச் சற்றுக் குறைவாக உயர்ந்திருக்க வேண்டும். அதைத் தாண்டி மண் ஓரம் இன்னும் செங்குத்தாக இறங்க வேண்டும். நம் ஊர்களில் மண் ஓரம் ரோட்டைவிட மேடாக இருக்கும். அதில் புல்லும் முளைத்திருக்கும். மழைத் தண்ணீர் ஓரம் வரை வந்து, போக இடமின்றி அங்கேயே நிற்கும். எந்தக் கலவையும் இதைத் தாங்காது. அடுத்த மழைக்கு முன்னால் பெர்மை, அதாவது அந்த மண் ஓரத்தை, சீவச் சொல்லி உதவிப் பொறியாளர் அலுவலகத்தில் மனு கொடுங்கள். புது ரோடு கேட்பதைவிட இது சீக்கிரம் நடக்கும், செலவும் சொற்பம்.

முன்பெல்லாம் தார் டிரம்மில் 80/100, 60/70 என்று எழுதியிருக்கும். இப்போது விஜி-30 என்கிறார்கள். பெயர் மட்டும் மாறியதா, சரக்கும் மாறியதா? – டிப்பர் உரிமையாளர், திருத்தணி

சோதிக்கும் முறை மாறியது. அதனால் சரக்கும் ஒழுங்குக்கு வந்தது.

60/70 என்பது ஊசிச் சோதனையின் எண். 25 டிகிரி சூட்டில் இருக்கும் தாரின் மேல் 100 கிராம் எடையோடு ஓர் ஊசியை 5 விநாடி விடுவார்கள். 6 முதல் 7 மி.மீ. இறங்கினால் அது 60/70. எளிமையான சோதனைதான். ஆனால் திருத்தணியில் மே மாத மதியம் ரோட்டின் சூடு 25 டிகிரியா? 60-ஐ எட்டும். 25 டிகிரியில் ஒரே மாதிரி இருக்கும் இரண்டு தார்கள் 60 டிகிரியில் வெவ்வேறு விதமாக இளகும். ஒன்று தாங்கும், மற்றது லாரிச் சக்கரத்தின் கீழ் வாய்க்கால் போலப் பள்ளமாகும்.

அதனால் 2006-ல் இந்தியத் தரநிலை ஐஎஸ் 73 திருத்தப்பட்டபோது, 60 டிகிரியில் தார் எவ்வளவு கெட்டியாக ஓடுகிறது என்பதை வைத்துத் தரம் பிரித்தார்கள். விஜி என்பது விஸ்காசிட்டி கிரேடு. விஜி-30 என்றால் அந்தச் சூட்டில் 3000 பாய்ஸ் பக்கம். பாய்ஸ் என்பது அந்தக் கெட்டித்தன்மையின் அலகு. 2013 திருத்தத்தின்படி 2400-க்குக் குறையக் கூடாது, 3600-ஐத் தாண்டக் கூடாது. விஜி-40 என்றால் 3200 முதல் 4800 வரை. எந்த ஊருக்கு எது என்பதற்கும் கணக்கு உண்டு. ஆண்டின் மிக வெப்பமான ஏழு நாள் அதிகபட்ச வெப்பத்தின் சராசரி 38-லிருந்து 45 டிகிரிக்குள் இருந்தால் விஜி-30, 45-ஐத் தாண்டினால் விஜி-40, 30-க்குக் கீழே என்றால் விஜி-10. ஆக, ஊட்டிக்கும் உங்கள் ஊருக்கும் ஒரே தார் சரிப்படாது.

வெப்பம் மட்டுமில்லை, பாரமும் இருக்கிறது. குவாரி லாரிகள் வரிசை கட்டும் சாலைகளிலும், சிக்னலிலும், பஸ் நின்று கிளம்பும் இடத்திலும் விஜி-40 போடுவதே நல்லது. நீங்கள் டிப்பர் ஓட்டுபவர், சொன்னால் கோபித்துக்கொள்ளக் கூடாது: அனுமதித்த பாரத்துக்கு மேல் ஏற்றினால் எந்தத் தாரும் தோற்கும்.

நான் கட்டுமானத் துறைக்குப் புதியவன். பழைய விதியில் ‘ஆய்வக அடர்த்தியில் 98 சதவீதம்’ உருட்ட வேண்டும் என்றிருக்கிறது. புதியதில் ‘ஜிஎம்எம்-ல் 92 சதவீதம்’. விதியைத் தளர்த்திவிட்டார்களா சார்? – இளம் பொறியாளர், தருமபுரி

தம்பி, கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஆய்வகத்தில் மார்ஷல் உருளையை, அதாவது கலவையின் மாதிரி உருளையை, இருபுறமும் 75 தடவை அடித்துச் செய்கிறோம். அதில் 4 சதவீதம் காற்று என்றால், காற்றே இல்லாத அதிகபட்ச அடர்த்தியில், அதாவது ஜிஎம்எம்-ல், அது 96 சதவீதம். அதில் 98 சதவீதம் என்றால் 94 வருகிறது. ரோட்டில் 6 சதவீதம் காற்று. புது விதியின் 92 என்றால் 8 சதவீதம் காற்று வரை ஏற்கலாம். எண்ணை மட்டும் பார்த்தால் தளர்த்தியதுதான்.

ஆனால் அளக்கும் முறையில் நல்லது நடந்திருக்கிறது. பழைய முறையில் எல்லாம் அந்த ஆய்வக உருளையை நம்பியே நின்றது. உருளையைச் சோம்பலாக அடித்தால் அதன் அடர்த்தி குறையும். அதோடு ஒப்பிட்டால் ரோடு எப்போதும் பாஸ். ஜிஎம்எம்-ஐ அன்றைக்குக் கலவை தயாரிக்கும் பிளான்ட்டிலிருந்து வந்த உதிரிக் கலவையை எடுத்து அளக்கிறோம். அதில் அடிப்பதற்கு ஒன்றுமில்லை, ஏமாற்றுவதும் கடினம். முறைக்கு என் முழு ஆதரவு. எண்தான் எனக்குப் பிடிக்கவில்லை. 93, 94 என்று வைத்திருக்கலாம். 8 சதவீதம் காற்றோடு ஐப்பசிக்குள் நுழையும் ரோட்டை நினைத்தால் எனக்குச் சங்கடமாக இருக்கிறது.

இன்னொன்றும் கவனி. பிசி இரண்டாம் வகையில் ஜல்லியின் பெயரளவு 13.2 மி.மீ. அதை 30-லிருந்து 40 மி.மீ. கனத்துக்குள் போடலாம் என்கிறது புத்தகம். ஜல்லி அளவைப் போல மூன்று மடங்காவது கனம் இருந்தால்தான் ரோலருக்குக் கீழே ஜல்லிகள் நகர்ந்து, புரண்டு, ஒன்றோடொன்று பொருந்தும் என்பது கலவை வேலை தெரிந்தவர்கள் கைக்கொள்ளும் கணக்கு. மூன்று மடங்கு என்றால் 40 மி.மீ. 30-ல் போட்டால் கல் மேல் கல் மாட்டிக்கொள்ளும். ரோலரின் எடையில் சில ஜல்லிகள் உடையும்கூட. கலவையும் சீக்கிரம் ஆறிவிடும். நம் எஸ்டிமேட்டுகளில் 30 பழகிப்போய்விட்டது, பணத்தை மிச்சம் பிடிக்க. நீ எஸ்டிமேட் போடும் காலத்தில் 40 என்று எழுதிப் பார். ஏன் என்று கேட்பார்கள், இந்தக் கணக்கைக் காட்டு.

எங்கள் தெரு முனையில் அடுத்த வாரம் ரோடு போடப் போகிறார்கள். எனக்குப் பொறியியல் தெரியாது. நின்று பார்த்தால் எதையாவது கண்டுபிடிக்க முடியுமா? – வாசகி, பொள்ளாச்சி

தாராளமாக முடியும் அம்மா. காலை ஏழு மணிக்குப் போய் நில்லுங்கள்.

முதலில் துடைப்பம். பழைய ரோட்டைத் தூசி போகக் கூட்டி, காற்று அடித்துச் சுத்தம் செய்ய வேண்டும். தூசி மேல் ஒட்டும் எதுவும் தூசியோடுதான் ஒட்டும். அப்புறம் டாக் கோட். மேல்தளத்தையும் அடித்தளத்தையும் ஒட்டவைக்கும், தாரும் நீரும் கலந்த எமல்ஷன் அது. பழைய தார் மேல் சதுர மீட்டருக்கு 200 முதல் 300 கிராம் வரை, மெல்லிய பூச்சாக, இயந்திரம் வைத்து ஒரே சீராகத் தெளிக்க வேண்டும். டப்பாவில் ஓட்டை போட்டுக் கோலம் போடுவது போல வீசிக்கொண்டு போனால் கேள்வி கேளுங்கள். தெளித்தபோது காப்பி நிறத்தில் இருக்கும். நீர் பிரிந்ததும் கறுப்பாகிவிடும். கறுப்பான பிறகுதான் கலவை விழ வேண்டும். காப்பி நிறத்தின் மேலேயே போட்டால் அந்த நீர் உள்ளே மாட்டிக்கொள்ளும்.

அடுத்து லாரி. கலவை மேல் தார்ப்பாய் போர்த்தியிருக்கிறதா பாருங்கள். வெயில்தானே என்று விட்டுவிடுவார்கள். பிளான்ட்டிலிருந்து ஒரு மணி நேரம் காற்றில் வந்தால் மேல்பகுதி ஆறிக் கட்டி கட்டியாகிவிடும். கொட்டும்போது நீலப் புகை வந்தால் தாரை அளவுக்கு மீறிக் காய்ச்சியிருக்கிறார்கள் என்று சந்தேகப்படலாம். அது சீக்கிரம் உடையும் தார். வெள்ளையாக ஆவி பறந்தால் ஜல்லி ஈரம் காயாமல் வந்திருக்கலாம். கலவை பளபளவென்று கறுப்பாக இல்லாமல் மங்கிப் பழுப்பாக இருந்தால் தார் போதவில்லை, அல்லது ஆறிவிட்டது.

இனிதான் முக்கியமான இடம். விஜி-30 தார் என்றால் கலவையை விரிக்கும்போது 140 டிகிரிக்குக் குறையக் கூடாது. 90-க்கு இறங்குவதற்குள் உருட்டி முடிக்க வேண்டும். விஜி-40 என்றால் இரண்டிலும் 10 டிகிரி கூட. கடலை மிட்டாய் செய்கிறவர்களுக்கு இதைச் சொல்லித் தர வேண்டியதில்லை. பாகு ஆறிய பிறகு எவ்வளவு அழுத்தினாலும் கடலை ஒட்டாது. ஆகவே கலவையை விரிக்கும் இயந்திரமான பேவருக்குப் பின்னாலேயே ரோலர் வர வேண்டும். பேவர் அரை கிலோமீட்டர் போய்விட்டது, ரோலர் டிரைவர் டீக்கடையில் இருக்கிறார் என்றால் அந்த இடத்தைக் குறித்து வையுங்கள். மழைக்காலத்தில் முதலில் போவது அதுவாகத்தான் இருக்கும். ரோலர் ஓரத்தில் தொடங்கி நடுவை நோக்கி வர வேண்டும், மணிக்கு 5 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டக் கூடாது. அதாவது பக்கத்தில் நீங்கள் நடந்தே கூட வரலாம்.

வெப்பமானி இருக்கிறதா என்று சூப்பர்வைசரிடம் கேளுங்கள். கேள்வி கேட்க ஒருவர் நிற்கிறார் என்று தெரிந்தாலே பாதி வேலை ஒழுங்காக நடக்கும். பிறகு வேண்டுமானால் கோர் (ரோட்டிலிருந்து உருளையாக எடுக்கும் மாதிரி) வெட்டிய அறிக்கையைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்டு வாங்கலாம். கனம் எவ்வளவு என்பதோடு அடர்த்தி எவ்வளவு என்றும் சேர்த்துக் கேளுங்கள். கனத்தை மட்டும் கேட்டால் கனத்தை மட்டும்தான் தருவார்கள்.

ராத்திரி தூறலிலேயே ரோடு போட்டார்கள். தடுக்கப் போனால் ‘இது சூடான கலவை, தண்ணீர் ஆவியாகிவிடும்’ என்கிறார்கள். உண்மையா? – வாசகர், சீர்காழி

இல்லை. மழை பெய்யும்போதும், ரோட்டில் தண்ணீர் நிற்கும்போதும் தார் வேலை செய்யக் கூடாது என்று விதியில் நேரடியாகவே இருக்கிறது. இந்த ஒன்று எந்தத் திருத்தத்திலும் மாறவில்லை. ராத்திரி வேலையில் தவறில்லை. நெரிசலான ஊரில் அதுதான் வசதி. தூறலில் போட்டதுதான் தவறு. தேதியையும் நேரத்தையும் குறிப்பிட்டுக் கோட்டப் பொறியாளருக்கு எழுத்தில் கொடுங்கள். படம் இருந்தால் சேர்த்துக்கொள்ளுங்கள்.

பிளாஸ்டிக் ரோடு என்பது விளம்பரமா, வேலைக்கு ஆகிற விஷயமா? – கல்லூரி மாணவி, மேலூர்

உங்கள் பக்கத்துச் சரக்கை நீங்களே சந்தேகப்படுகிறீர்களே. மதுரை தியாகராசர் பொறியியல் கல்லூரியின் பேராசிரியர் ஆர். வாசுதேவன் உருவாக்கிய முறை இது. 2018-ல் அவருக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது. சென்னை நுங்கம்பாக்கம் ஜம்புலிங்கம் தெருவில் 2002-லேயே போட்டுப் பார்த்தார்கள்.

பிளாஸ்டிக்கைத் தாரில் உருக்கிக் கலக்கிறார்கள் என்று பலர் நினைக்கிறார்கள். இந்த முறை அப்படி இல்லை. துருவிய பிளாஸ்டிக்கைச் சுமார் 160, 170 டிகிரி சூட்டில் இருக்கும் ஜல்லியின் மேல் தூவுகிறார்கள். அது உருகி ஜல்லிக்கு மேல் மெல்லிய தோலாகப் படிகிறது. அதற்குப் பிறகுதான் தார். முதல் கேள்விக்குச் சொன்ன பதிலை நினைத்துப் பாருங்கள்: ஜல்லிக்கும் தாருக்கும் நடுவே தண்ணீர் புகுவதுதான் நம் தலைவலி. அந்த இடத்திலேயே இது வேலை செய்கிறது. தாரின் எடையில் 6 முதல் 8 சதவீதம் பிளாஸ்டிக். அந்த அளவுக்குத் தாரும் மிச்சம். 2013-ல் சாலைப் பொறியாளர்களின் அமைப்பான இந்திய சாலைக் காங்கிரஸ் (ஐஆர்சி) இதற்கென்று தனி வழிகாட்டி நூலே கொண்டுவந்தது.

நிபந்தனைகளும் உண்டு. பிவிசி சேர்க்கக் கூடாது, சூட்டில் நச்சுப் புகை வரும். பிளாஸ்டிக் சுத்தமாகவும் ஈரமில்லாமலும் இருக்க வேண்டும். குப்பைக் கிடங்கிலிருந்து மண்ணோடு அள்ளிவந்து கொட்டினால் மண் ரோடுதான் கிடைக்கும். பிரித்து, கழுவி, துருவித் தர ஆள் இல்லாத ஊரில் இந்த முறை ஏட்டோடு நின்றுவிடுவதையும் பார்த்திருக்கிறேன். இன்னொன்று, பிளாஸ்டிக் போட்டுவிட்டோம் என்பதற்காக உருட்டுவதில் சலுகை கிடையாது.

ஒவ்வொரு முறை ரோடு போடும்போதும் எங்கள் வீடு பள்ளத்துக்குப் போகிறது. வாசல்படி மூன்று இருந்தது, இப்போது ஒன்று. இதற்கு விதியே இல்லையா? – வாசகர், மடிப்பாக்கம்

இருக்கிறது. 2021 மே மாதம் அப்போதைய தலைமைச் செயலாளர் வெ. இறையன்பு, பழைய மேல்தளத்தைச் சுரண்டி எடுத்துவிட்டு அதே மட்டத்தில்தான் புதிதாகப் போட வேண்டும் என்று துறைகளுக்கு அறிவுறுத்தினார். எடுத்த கனமே திரும்ப வர வேண்டும். மில்லிங் இயந்திரம் அதைச் செய்யும்.

இரண்டு இடத்தில் ஓட்டை விழுகிறது. ஒன்று, பேருக்கு ஒரு சென்டிமீட்டர் சுரண்டிவிட்டு நான்கு போடுவது. வேலை தொடங்கும் முன் உங்கள் காம்பவுண்டுச் சுவரில் ரோட்டு மட்டத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். பெயின்ட் கோடு ஒன்று போதும். முடிந்ததும் அளங்கள். இரண்டாவது, சுரண்டிய பரப்பை அப்படியே பல நாள் விட்டுவிடுவது. பள்ளமும் வரியுமாக இருக்கும் அந்தப் பரப்பில் தூசி அடைந்துவிடும். அதைச் சரியாகக் கூட்டாமல் டாக் கோட் தெளித்தால் மேல்தளம் தட்டு தட்டாகப் பெயரும்.

சுரண்டி எடுத்த பொருள் எங்கே போகிறது என்றும் கேளுங்கள். நல்ல ஜல்லியும் காய்ந்த தாரும் சேர்ந்த சரக்கு அது. பிளான்ட்டில் புதுக் கலவையோடு அளவாகச் சேர்த்து மறுபடி பயன்படுத்தலாம். 2015-ல் வந்த ஐஆர்சி 120 என்ற நூல் அதற்கான முறையைச் சொல்கிறது. நம் ஊரில் அது பெரும்பாலும் யாரோ ஒருவரின் காலி மனையை மேடாக்கப் போய்ச் சேர்கிறது. எஸ்டிமேட்டில் அந்தப் பொருளுக்கு என்ன மதிப்புப் போட்டிருக்கிறார்கள், யார் கணக்கில் வரவு வைத்தார்கள் என்று ஒரு மனுவில் கேட்டுப் பாருங்கள். பதில் வந்தால் எனக்கும் ஒரு நகல் அனுப்புங்கள்.